உள்தாள்

மெரிக் துறையில் டாக்டர் ஏசா கிராண்டல் வீட்டுக் கூடத்தில், கணப்புக்கு இரண்டடி முன்னால், தரையிலிருந்து ஐந்தடி உயரத்தில், ஒரு வாக்கியம் பதினோரு வருடம் நின்றது. 1762 ஜூன் மாதம் ஒரு புதன்கிழமை பிற்பகலில் அவர் வாயிலிருந்து வந்த வாக்கியம் அது. வந்த இடத்தை விட்டு நகரவில்லை. ஒரு தொப்பி அளவு இடம் அதற்குப் போதும். அந்த இடத்தில் காதை வைத்தால் டாக்டரின் குரலில், அன்று அவருக்கு இருந்த மூக்கடைப்பு உட்பட, "நீ ரகசியமாக விசாரிக்கச் சொன்ன திருமதி பெக்கமின் கணவர் பெலெக் அந்தக் கப்பலோடு சாகவில்லை" என்று கேட்கும். கேட்டு முடிந்ததும் ஒரு மூச்சு விடுகிற நேரம் சும்மா இருக்கும், பிறகு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அந்த வருடம் எங்கள் ஊரில் காட் மீன் நிறையக் கிடைத்தது, ஆப்பிள் மரங்களில் புழு விழுந்தது, வாக்கியம் நின்றது. ஊர்ப் பதிவேட்டில் மூன்றும் அடுத்தடுத்த வரிகளில் இருக்கின்றன.

அப்போதெல்லாம் ஒருவர் வீட்டுக்குக் கடிதம் வந்தால் ஊருக்கே வந்த மாதிரிதான். அதற்காகவே ஆட்கள் கடிதத்தை இரண்டாக எழுதுவார்கள். வெளித்தாளில் வால்நட்சத்திரம், மின்சாரம், யாருக்கு என்ன குழந்தை, சண்டையில் எந்தக் கோட்டை விழுந்தது என்று எல்லாரும் கேட்கக்கூடிய சங்கதிகள் இருக்கும். ஒருவர் மட்டும் படிக்க வேண்டியது உள்தாளில் இருக்கும். அதைச் சின்னதாக மடித்து, ஓரத்தில் சிவப்பாக ஒரு அரக்குப் பொட்டு வைத்திருப்பார்கள். வெளித்தாளைக் கூட்டத்தில் உரக்கப் படிக்க வேண்டியது, உள்தாளை லேசாக ஒரு தடவை இருமிவிட்டுச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ள வேண்டியது, அவ்வளவுதான் வழக்கம். அந்த இருமலைக் கேட்டதும் மற்றவர்கள் சன்னல் பக்கம் பார்ப்பார்கள். உள்தாள் பைக்குள் போவதை உற்றுப் பார்க்கிறவனுக்கு வளர்ப்பு சரியில்லை என்று அர்த்தம். சின்னப் பிள்ளைகளுக்கும் இது தெரியும்.

கிராண்டல் வைத்தியத்தில் சுமார்தான். அவர் கொடுக்கும் மருந்தைவிட அவர் மனைவி ப்ரூடன்ஸ் கொடுக்கும் சூப்பில் பிழைத்தவர்கள் அதிகம். ஆனால் பாசி விஷயத்தில் அவருக்கு இணை இந்தக் கரையில் யாரும் இல்லை. நூற்று நாற்பது வகைப் பாசிகளைப் பறித்து, அழுத்திக் காயவைத்து, பெயர் எழுதி வைத்திருந்தார். நியூ ஹேவனில் கூடப் படித்த லெமுவேல் வைனிங் என்ற சிநேகிதர் ஃபிலடெல்ஃபியாவில் டாக்டராக இருந்தார். இருபது வருடமாக இருவருக்கும் மாதம் தவறாமல் கடிதம். லெமுவேல் மூலமாக லைடனில் ஒரு பேராசிரியரும் பழக்கம். லெமுவேலின் கடிதம் வந்தால் அடுத்த புதன்கிழமை பிற்பகல் கிராண்டல் வீட்டுக் கூடம் நிரம்பிவிடும். ப்ரூடன்ஸ் சோள ரொட்டியும் ஆப்பிள் சாறும் கொடுப்பார். டாக்டர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கணப்புக்கு முன்னால் நின்று படிப்பார். நன்றாகப் படிப்பார், அதையும் சொல்லத்தான் வேண்டும். நாற்பத்தாறு வயதில் தான் ஒரு பெரிய மனிதன் என்று அவருக்குத் தோன்றியது புதன்கிழமைகளில் மட்டும்தான்.

அந்தக் கூட்டத்தில் கதவோரமாக உட்காருகிறவள் எப்சிபா பெக்கம். அவள் கணவர் பெலெக் 1755இல் அவரையும் சேர்த்து எங்கள் ஊர்க்காரர்கள் பத்துப் பேரோடு போன கப்பலில் இருந்தார்; டெலவேர் முகத்துவாரத்து மணல்திட்டில் கப்பல் தட்டி உடைந்தது, யாரும் திரும்பவில்லை. எப்சிபா ஏழு வருடம் கறுப்பு உடுத்தினாள். எங்கள் ஊர்ப் பெண்களில் பாதிப் பேரைப் போல அவளுக்கு அச்செழுத்து படிக்க வரும், கையெழுத்து படிக்க வராது. பைபிளைத் தலைகீழாகச் சொல்வாள். கடிதம் என்றால் யாராவது வாய் திறந்து படித்தால்தான் உண்டு. அதனால் அவளைப் போலக் கவனித்துக் கேட்கிறவர்கள் இல்லை. மூன்று வருடத்துக்கு முந்தைய கடிதத்தில் யானை எலும்பு எத்தனை அடி நீளம் என்று டாக்டருக்கே மறந்துபோனால் அவளிடம்தான் கேட்பார்.

1762 குளிர்காலத்தில் பீப்பாய் செய்கிற ஈனாக் டைலர் அவளைக் கட்டிக்கொள்வதாகக் கேட்டார். நல்ல மனுஷன், நிதானமானவர், பேச்சில் கிண்டல் உண்டு. மார்ச் மாதம் எப்சிபா சமையலறைக் கதவு வழியாக டாக்டரைப் பார்க்க வந்தாள்.

"டாக்டர், இது உங்க காதோட இருக்கணும். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு மாலுமி சொன்னான், ஃபிலடெல்ஃபியாவுல பாய் தைக்கிற ஒருத்தனப் பாத்தானாம். இடது காது பாதி கிழிஞ்சிருந்துச்சாம். எங்க வீட்டுக்காரருக்கும் அப்படித்தான்."

"ஈனாக்குக்குத் தெரியுமா?"

"சொன்னா, காது கிழிஞ்சவன் ஊருக்கு நாலு பேரு இருப்பான், விடுன்னுடுவாரு. எனக்குத்தான் மனசு கேக்கல. இருக்காரா இல்லையான்னு தெரியாம இன்னொருத்தர் வீட்டு அடுப்ப எப்படி மூட்டுறது?"

டாக்டர் வாக்குக் கொடுத்தார். லெமுவேலுக்கு உள்தாளில் எழுதி, அரக்கு வைத்து, தானே துறைக்குப் போய்க் கப்பலில் சேர்த்தார். பதில் வருகிறவரை கல்யாணப் பேச்சை நிறுத்தட்டுமா என்று அவள் கேட்டபோது, அதெல்லாம் வேண்டாம், அது பாட்டுக்கு நடக்கட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னதும் அவர்தான். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை சொல்ல ஆளுண்டா என்று சபையில் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பது வழக்கம். ஜூன் மாதம் இரண்டு ஞாயிறு வாசித்தாகிவிட்டது. எப்சிபா கறுப்பைக் கழற்றிவிட்டு நீலத்தில் ஒரு கவுன் தைத்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் ஞாயிறுக்கு முந்தின புதன்கிழமை மழை. கணப்பில் நெருப்பு போட்டிருந்தார்கள். முப்பது பேர் இருந்தார்கள், ஈனாக் உட்பட. லெமுவேலின் வெளித்தாளில் பெரிய செய்தி: லைடன் பேராசிரியர் தன் புதிய புத்தகத்தில் ஒரு பாசிக்குக் கிராண்டலின் பெயரை வைத்திருக்கிறார். டாக்டர் அந்த வரியை மூன்று தடவை படித்தார். முதல் தடவை கைதட்டினார்கள், இரண்டாம் தடவை சிரித்தார்கள், மூன்றாம் தடவை ரொட்டியைப் பார்த்தார்கள். ஈனாக் சொன்னார்: "இனிமே பாசி வழுக்கி விழுந்தா கால்கட்டுக்கும் நீங்கதான், காரணத்துக்கும் நீங்கதான் டாக்டர்." கூடம் முழுக்க ஒரே சிரிப்பு. அப்போது பின்னால் இருந்து காது மந்தமான ஒரு பழைய மாலுமி, "அவ்ளோதானா? கையில இன்னொரு தாள் இருக்குற மாதிரி இருக்கே?" என்று கேட்டார்.

கேட்கக் கூடாத கேள்விதான். டாக்டர் இருமியிருக்க வேண்டும். அவர் உள்தாளைப் பார்த்தார். அரக்குப் பொட்டு முழுசாக, கெட்டியாக இருந்தது. மார்ச்சில் தான் கேட்ட கேள்வி அந்த நேரத்தில் அவர் தலையிலேயே இல்லை. பாசி மட்டும்தான் இருந்தது. பேராசிரியர் தன்னைப் பற்றி இன்னும் ஏதாவது சொல்லியிருப்பார், கூட்டத்தில் படித்தால் தனக்குக் கூச்சமாக இருக்குமே என்று லெமுவேல் அதை உள்தாளில் வைத்திருப்பான் என்று நினைத்தார். நினைத்ததும் கட்டைவிரலால் பொட்டை உடைத்தார். டப்பென்று ஒரு சத்தம் வந்தது. தாளை உயர்த்திப் பிடித்து, வெளித்தாளுக்கு வைத்த அதே குரலில், முதல் வாக்கியத்தைப் படித்தார்.

படித்து முடித்த பிறகுதான் படித்தது அவருக்குப் புரிந்தது. தாளைச் சுருட்டி நெருப்பில் எறிந்தார்.  அது எரிந்து முடிவதற்குள் வாக்கியம் இரண்டாம் முறை கேட்டது. எல்லாரும் டாக்டரின் வாயைப் பார்த்தார்கள், வாய் மூடியிருந்தது. மூன்றாம் முறை கேட்டபோது எப்சிபா எழுந்து கூடையை எடுத்துக்கொண்டு, "ரொட்டி நல்லா இருந்துச்சு ப்ரூடன்ஸம்மா, வரேன்" என்று சொல்லிவிட்டு மழையில் போனாள். ஈனாக் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அரக்கு வர்ற வழியிலயே விட்டுப் போயிருக்கு" என்றார் டாக்டர். "வெளித்தாளோட ஒட்டிக்கிட்டு வந்துடுச்சு. நான் கவனிக்கல."

எல்லாரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். தொப்பியைத் தேடிக்கொண்டு போனார்கள். பக்கத்தில் காற்றில் நின்ற வாக்கியம் யாருக்கும் காத்திராமல் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மூன்றாம் ஞாயிறு ஓலை வாசிக்கவில்லை. ஆகஸ்ட் மாதம் எப்சிபாவைச் சபையில் எழுந்து நிற்கச் சொன்னார்கள். புருஷன் உயிரோடு இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தும் ஓலை வாசிக்க விட்டது குற்றம். அவள் நின்று, தன் தப்புதான், சபை மன்னிக்க வேண்டும் என்று தெளிவாகச் சொன்னாள். யார் பெயரையும் சொல்லவில்லை. அது பாட்டுக்கு நடக்கட்டும் என்று சொன்னவர் மூன்றாம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தன்னையும் யாராவது கேட்பார்கள் என்று அவர் இரண்டு நாளாக அரக்கு பற்றிய பதிலைத் தயார் செய்து வைத்திருந்தார். யாரும் கேட்கவில்லை. போதகர் அவர் கையைக் குலுக்கி வாத நோய்க்கு மருந்து கேட்டார். அன்று வீட்டுக்கு வந்து அவர் சாப்பிடவில்லை. கூடத்துக்குள் நுழைந்தால் தன் குரலே தன்னை வரவேற்றது.

வாக்கியத்தை விரட்ட ப்ரூடன்ஸ் முயலாதது இல்லை. கந்தகம் புகைத்தார், வினிகர் தெளித்தார், துடைப்பத்தால் வீசினார். எல்லாக் கதவையும் சன்னலையும் திறந்து வைத்ததில் திரைச்சீலை ஒன்று பக்கத்து வயலுக்குப் போனது, வாக்கியம் போகவில்லை. போதகர் வந்து ஜெபம் செய்தார். நடுவில் நடுவில் அது குறுக்கிட்டதில் அவருக்குக் கோபம் வந்து ஆமென் சொல்லாமலே போனார். ஆளுயரக் கடிகாரத்தைக் கொண்டுவந்து அந்த இடத்தில் நிறுத்திப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு வாக்கியம் கடிகாரத்துக்குள்ளிருந்து, மரப்பெட்டி முழக்கத்தோடு, தெருவரை கேட்டது. கடிகாரத்தைப் பழைய இடத்துக்கே நகர்த்தினார்கள். நோயாளிகள் சமையலறை வழியாக வரத் தொடங்கினார்கள். ஒரு வருடத்தில் ஊருக்குப் பழகிவிட்டது. கிராண்டல் வீட்டுக்கு வழி கேட்கிற வெளியூர்க்காரர்களிடம், வெள்ளைக் கதவு, உள்ளே வாக்கியம் நிற்கும் என்று சாதாரணமாகச் சொல்வார்கள். ஒரு காளானைப் பார்த்தால் நான்கு நகரத்துக்கு எழுதுகிற டாக்டர் இதைப் பற்றி மட்டும் யாருக்கும் எழுதவில்லை. ப்ராவிடன்ஸிலிருந்து ஒரு அறிஞர் கேள்விப்பட்டு விசாரித்தபோது, புகைபோக்கியில் காற்று அடிக்கிறது என்று பதில் போட்டார்.

இதோடு போயிருந்தால் ஒரு மாதிரி. ஜூலையில், அந்தப் புதன்கிழமைக்கு இருபதாம் நாள், லெமுவேலின் கடிதம் மறுபடியும் வந்தது. பிரெஞ்சுக்காரர்கள் கடலில் கப்பல்களைப் பிடித்துக்கொண்டிருந்த காலம் அது. முக்கியமான கடிதத்தை இரண்டு பிரதி எடுத்து இரண்டு கப்பலில் அனுப்புவார்கள், ஒன்று போனாலும் ஒன்று சேரட்டும் என்று. அதே வெளித்தாள், அதே பாசி. அதே உள்தாள், ஓரத்தில் சிவப்பு அரக்கு.

"முழுசா இருக்கே" என்றார் ப்ரூடன்ஸ். "மிச்சம் என்ன எழுதியிருக்குன்னு பாருங்களேன்."

"ஒருத்தர் ரகசியத்த ஒரு தடவ உடைச்சது போதும் ப்ரூடன்ஸ்."

"அப்போ அவகிட்டயாச்சும் குடுங்க. அவளுக்குத்தானே வந்தது."

"சாகலன்னு அவளுக்குத் தெரிஞ்சாச்சு. இன்னும் என்ன, அவன் எந்தச் சந்துல எவளோட இருக்கான்னு தெரியணுமா? போதும், அவ பட்டது."

சொல்லிவிட்டு உள்தாளைக் கணப்பு மாடத்தில் ஈயக் கூஜாவுக்குப் பின்னால் வைத்தார். இனி அதைத் தொடுவதில்லை என்று உறுதி எடுத்துக்கொண்டார். அந்த உறுதி அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது, உயர்வாகவும் இருந்தது. வெட்கப்பட்டுக் கிடக்கிறவர்களுக்கு நடுநடுவே இப்படி ஒரு பெருமை வந்து தொலைக்கும். உண்மைக் காரணம் வேறு, அதுவும் அவருக்குத் தெரியும். கொடுத்தால் எப்சிபா அதைத் தன்னையே படிக்கச் சொல்வாள். எதிரில் உட்கார்ந்து அரக்கைப் பார்ப்பாள். லெமுவேலின் அரக்கு எத்தனை மைல் வந்தாலும் தானாக விடுகிற அரக்கு இல்லை என்று பார்த்ததும் தெரிந்துவிடும்.

செப்டம்பரில் ஃபிலடெல்ஃபியாவில் மஞ்சள் காய்ச்சல் பரவி லெமுவேல் இறந்துபோனார். எப்சிபா போதகரின் மனைவியைப் பிடித்து அவருக்கு எழுதியிருந்த கடிதம், ஆள் இல்லை என்ற குறிப்போடு பிரிக்காமலே திரும்பி வந்தது. உயிரோடு இருக்கிற புருஷனுக்குக் கறுப்பு உடுத்த முடியாது, கல்யாணத்துக்கான நீலத்தையும் உடுத்த முடியாது. அவள் பழுப்புத் துணிக்கு மாறினாள். ஃபிலடெல்ஃபியாவிலிருந்து எந்தக் கப்பல் வந்தாலும் துறையில் போய் நின்று, இறங்குகிற ஆண்களின் இடது காதைப் பார்ப்பாள். டாக்டரின் எழுதும் மேசைக்கு நேரே இருந்த சன்னலில் துறை தெரியும். இரண்டு வருடம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மேசையைச் சுவர் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். ஈனாக் நான்கு வருடம் காத்திருந்தார். பிறகு வெஸ்டர்லியிலிருந்து ஒரு விதவையைக் கட்டி இரண்டு பிள்ளைகள் பெற்றார். எப்சிபா வீட்டுப் பீப்பாய்களுக்கு மட்டும் கேட்காமலே வளையம் மாற்றிக் கொடுத்துவிட்டுப் போவார்.

டாக்டருக்குக் கடிதங்கள் வராமல் இல்லை. வந்தன. மழை, வெயில், பயிர், உடம்பு சௌக்கியம். பதினோரு வருடத்தில் ஒரு உள்தாள்கூட வரவில்லை. சொந்தத் தம்பி, மனைவி செத்த செய்தியை வெளித்தாளிலேயே இரண்டு வரியில் எழுதியிருந்தான்.

1773 மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை எப்சிபா வெள்ளைக் கதவு வழியாக, கூடத்துக்கே, நேராக வந்தாள். அந்தப் புதன்கிழமைக்குப் பிறகு அவள் அங்கே கால் வைத்தது அதுதான் முதல் தடவை. தலை நரைத்திருந்தது. வாக்கியத்துக்குப் பக்கத்திலேயே வந்து நின்றாள். அது அவள் நெற்றிக்கு நேரே ஒரு முறை சொல்லி முடிக்கிறவரை பொறுத்திருந்துவிட்டுப் பேசினாள்.

"நாளன்னிக்குக் கப்பல்ல ஃபிலடெல்ஃபியா போறேன் டாக்டர். ஆள் வந்து சேரல, நானே போய்ப் பாத்துட வேண்டியதுதான். உங்க சிநேகிதர் வீடு எந்தத் தெருன்னு சொல்லுங்க. வீட்டுல யாராச்சும் இருப்பாங்கல்ல?"

தெருப் பெயர் ஒரு வார்த்தை. சொல்லியிருந்தால் அவள் போயிருப்பாள், தேடியிருப்பாள், கிடைத்ததோ கிடைக்கவில்லையோ, அரக்கு விஷயம் ஈயக் கூஜாவுக்குப் பின்னாலேயே இருந்திருக்கும். டாக்டர் அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். அவள் காலில் புதுச் செருப்பு போட்டிருந்ததைப் பார்த்தார். பயணத்துக்காக வாங்கியது. அவள் அத்தனை தூரம் தேடிப் போகிற பதில் இரண்டடி தள்ளி இருந்தது.

"போகாதீங்க எப்சிபா" என்றார். கூஜாவை நகர்த்தினார். தாளின் மேல் பதினோரு வருடத்துப் புகை படிந்து அது பழுத்துப் போயிருந்தது. அவள் கையில் கொடுத்தார்.

அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது எப்ப வந்தது?"

"அந்த வருஷமே. ஜூலை மாசம்."

"என்னைய சபையில நிக்க வெச்சாங்களே, அப்போ இது உங்ககிட்ட இருந்துச்சா?"

"இருந்துச்சு."

ப்ரூடன்ஸ் சமையலறையில் கைவேலையை நிறுத்திவிட்டு, கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு தோட்டத்துக்குப் போனார். எப்சிபா நகத்தால் அரக்கைப் பெயர்க்கப் பார்த்தாள். வரவில்லை. ரொட்டி வெட்டுகிற கத்தி மேசையில் இருந்தது. அதன் முனையைக் கொடுத்து நெம்பினாள். அப்போதும் உடனே வரவில்லை. கத்தியைப் பார்த்தாள், பிறகு டாக்டரைப் பார்த்தாள்.

"கெட்டியாத்தான் ஒட்டியிருக்கு" என்றாள். தாளை அவரிடம் நீட்டினாள். "கையெழுத்துதான் எனக்கு வராதே. படிங்க."

அவர் பழைய இடத்தில் நின்றார். அந்தக் கூடத்தில் வேறு இடத்தில் நின்று படித்துப் பழக்கமில்லை. முதல் வாக்கியத்தை அவர் படித்தபோது காற்றில் நின்ற வாக்கியமும் கூடவே சொல்லியது. இரண்டு குரலும், இளையதும் மூத்ததும், ஒரே நேரத்தில் முடிந்தன. பிறகு அவர் மட்டும் படித்தார்.

"இந்த ஏப்ரல் பதினான்காம் தேதி என் கண் முன்னால், நெஞ்சுச் சளி முற்றி இறந்தார். அடக்கத்துக்கு நானே போயிருந்தேன். ஆகவே அந்த அம்மாள் தாராளமாக மறுமணம் செய்துகொள்ளலாம். உங்கள் சபைக்கு அத்தாட்சி வேண்டுமானால் எழுதித் தருகிறேன். கப்பல் தட்டிய விடியலில் காவல் அவருடையதாம், கண்ணயர்ந்துவிட்டாராம். ஒன்பது பேர் போய் நான் மட்டும் கரையேறினேன், அந்த ஒன்பது வீட்டு வாசலையும் தாண்டி என் வீட்டுக்கு எப்படிப் போவேன் என்றார். வேறு பெண் யாரும் இல்லை. அவளுக்குச் சொல்ல வேண்டாம் என்றுதான் முதலில் சொன்னார், கடைசி நாள், சொல்லிவிடுங்கள் என்றார். இதை அவளுக்கு மட்டும், தனியாக, பக்குவமாகச் சொல். உன்னை நம்பி அவள் கேட்டது நல்லதாகப் போயிற்று. வேறு யார் கையிலாவது சிக்கியிருந்தால் எனக்குக் கவலையாக இருந்திருக்கும்."

கடைசி இரண்டு வரியை விட்டுவிட அவருக்கு ஆசையாக இருந்தது. விடவில்லை. படித்தார்.

எப்சிபா உட்கார்ந்தாள். "மறுபடி படிங்க."

அவர் மறுமணம் என்ற இடத்தைப் படித்தார்.

"அது இல்ல. வாசலத் தாண்டி எப்படிப் போவேன்னு சொன்னாரே, அந்த எடம்."

படித்தார். அவள் புறங்கையால் மூக்கைத் துடைத்தாள். "கிறுக்கு மனுஷன். எங்க வீடு தெருக்கோடியிலதானே இருக்கு. பின்னாடி சோளக்கொல்லை வழியா வந்திருக்கலாமே. ஒரு வாசலும் தாண்ட வேணாமே." அதைச் சொன்ன பிறகுதான் அழுதாள். டாக்டர் தாளைப் பிடித்தபடி நின்றார். அவளைத் தேற்றுகிற யோக்கியதை தனக்கு இல்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நல்லவேளை, அவர் ஒன்றும் முயலவில்லை.

அழுது முடித்து அவள் கேட்டாள்: "அன்னிக்கு அரக்கு தானா விட்டுப்போச்சுன்னு சொன்னீங்க."

"விடல. நான்தான் உடைச்சேன்" என்றார். "என்னைப் பத்தி இன்னும் புகழ்ந்து எழுதியிருப்பான்னு நெனச்சேன்."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"ஊருக்கே தெரியும் டாக்டர். முப்பது பேருக்கு முன்னாடி கட்டவெரலால உடைச்சீங்க. கதவோரம் உக்காந்திருந்த எனக்கே சத்தம் கேட்டுச்சு."

அவருக்கு முகமெல்லாம் எரிந்தது. பதினோரு வருடம் கூஜாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தது, எல்லார் மடியிலும் அப்போதே போய் விழுந்திருக்கிறது. சபையில், துறையில், நாடி பிடித்த கைகளில், எல்லா முகமும் தெரிந்தேதான் தலையாட்டியிருக்கிறது. "பின்ன ஏன் ஒருத்தர்கூடக் கேக்கல?"

"கேக்கறது மரியாதையில்லையே" என்றாள் எப்சிபா. "நீங்க இருமின மாதிரி வெச்சுக்கிட்டு சன்னலப் பாத்தோம்."

தாளை வாங்கி, பழைய மடிப்பிலேயே மடித்து, கூடையில் துணிக்கு அடியில் வைத்தாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை, சாபமும் விடவில்லை. வெள்ளைக் கதவைத் திறந்துவைத்துவிட்டே போனாள். வியாழக்கிழமைக் கப்பல் அவள் இல்லாமல் போனது. மறுநாளிலிருந்து அவள் மறுபடியும் கறுப்பு உடுத்தினாள், சரியாக ஒரு வருடம். உள்தாளில் என்ன இருந்தது என்று அவளும் சொல்லவில்லை, டாக்டரும் சொல்லவில்லை. அவள் காலத்துக்குப் பிறகு தாள் அவள் பைபிளுக்குள் கிடைத்தது; அந்த ஒன்பது வீட்டிலும் இப்போது வேறு குடும்பங்கள் இருக்கின்றன, அதனால்தான் இங்கே எழுத முடிகிறது.

அவள் போன பிறகு வீட்டில் சத்தமே இல்லை. அந்தச் சத்தமின்மையில் பயந்துதான் ப்ரூடன்ஸ் தோட்டத்திலிருந்து ஓடி வந்தார். இருவரும் கணப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பழைய வாக்கியம் போய்விட்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அதே இடத்தில், முன்னைவிட ஒரு விரற்கடை தாழ்வாக, ஏனென்றால் வயதில் அவர் அவ்வளவு குறுகியிருந்தார், டாக்டரின் இன்றைய குரல் கேட்டது: "விடல. நான்தான் உடைச்சேன். என்னைப் பத்தி இன்னும் புகழ்ந்து எழுதியிருப்பான்னு நெனச்சேன்." ஒரு மூச்சு நேரம் சும்மா இருந்தது. மறுபடி சொன்னது.

ப்ரூடன்ஸ் பழக்க தோஷத்தில் வினிகர் சீசாவையும் துடைப்பத்தையும் எடுத்து வந்தார். "வேணாம், இருக்கட்டும்" என்றார் டாக்டர். மேசையைத் திருப்பி மறுபடி சன்னல் பக்கம் போட்டார். நோயாளிகள் உட்காரும் நாற்காலியைக் கொண்டுவந்து அந்த இடத்துக்கு நேர் கீழே வைத்தார். அதற்குப் பிறகு எல்லாரும் முன்கதவு வழியாகத்தான் வந்தார்கள். நாக்கை நீட்டிக்கொண்டும் காலைக் காட்டிக்கொண்டும் அதைக் கேட்டார்கள். அவர் இன்னும் ஒன்பது வருடம் இருந்தார். முதல் சில மாதம் ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் காது மடல் சிவக்கும், பிறகு தினம் முதல் தடவைக்கு மட்டும் சிவக்கும், அது கடைசிவரை நிற்கவில்லை. அவருக்குப் பின் அந்த வீட்டைப் பள்ளி ஆசிரியர் வாங்கினார், அவருக்குப் பின் ஒரு பாய்மரத் துணி வியாபாரி. வாங்கும்போதே கிணறு, கொட்டகை, வாக்கியம் என்று பத்திரத்தில் எழுதித்தான் வாங்கினார்கள். 1773க்கு ஊர்ப் பதிவேட்டில், மீன் சுமார், ஆப்பிள் நன்று, வாக்கியம் மாறியது என்று இருக்கிறது.

எப்சிபா துறைக்குப் போக அந்தத் தெரு வழியாகத்தான் போக வேண்டும். கோடைக்காலத்தில் வெள்ளைக் கதவு திறந்திருக்கும், வாக்கியம் தெருவில் கேட்கும். அவள் ஒரு நாளும் நின்று கேட்டதில்லை. ஒரு நாளும் பின்பக்கம் சோளக்கொல்லை வழியாகச் சுற்றிப் போனதும் இல்லை. கூடையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, வாசலைத் தாண்டி, நேராகப் போய்விடுவாள்.